யானை வெடியும் ஈதர்பேடும்

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். தரம் 10 பிள்ளைகளிடம் யானையைப் பற்றி ஒரு பந்தி எழுதச் சொன்னால், ‘தி எலிஃபன்ற் இஸ் எ பிக் அனிமல்’ என்றுதான் தொடங்குவார்கள். பிறகு நாலு கால், ஒரு தும்பிக்கை, இரண்டு காது. இரவிரவாகக் காவல் கொட்டிலில் இருந்து யானை கலைத்துவிட்டு வந்த பெடியனும் இதைத்தான் எழுதுவான். ரியூசனில் பாடமாக்கியது அப்படி.

கொப்பியில் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுத்தால், பிள்ளை திருத்தத்தைப் பார்த்து எழுதும், அவ்வளவுதான். கடைசி வசனத்தை முதலாவதாக்கு என்றால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். யார் மினக்கெடுவார்கள்? கணினி எனக்கு உதவுவது இந்த இடத்தில்தான். பிழை பிடிக்க அல்ல.

எங்கள் கணினி அறைக்கு இணையம் வரும், போகும். மாரியில் போவதுதான் கூட. அதனால் நான் பிடித்துக்கொண்டது ஈதர்பேட். 2008இல் வந்த மென்பொருள். அடுத்த வருடம் அதைச் செய்த கம்பனியைக் கூகுள் வாங்கியபின் நிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். ஐசிடி படிப்பிக்கும் தம்பி அதை ஒரு பழைய லப்டொப்பில் ஏற்றித் தந்தார். மற்றக் கணினிகள் ஒரு ரவுட்டர் வழியாக அதோடு இணையும். வெளியே இணையம் செத்துக் கிடந்தாலும் வகுப்பு நடக்கும். ஒரே பக்கத்தில் பல பேர் எழுதலாம், ஆளுக்கொரு நிறம், ஓரத்தில் கதைக்க ஒரு பெட்டி. எழுதியதை முதல் எழுத்திலிருந்து படம் மாதிரி ஓட்டிப் பார்க்கவும் முடியும்.

ஒரு பெடியனின் யானைப் பந்தியை அப்படி ஓட்டிப் பார்த்தேன். பெரிய மிருகம், நாலு கால், தும்பிக்கை எல்லாம் மளமளவென்று வருகின்றன. கடைசியில், ‘மை கிராண்ட்ஃபாதர் நோ ஸ்லீப்.’ பக்கத்துக் கணினிப் பிள்ளை பெட்டியில் கேட்கிறாள்: ‘வை நோ ஸ்லீப்?’ இலக்கணம் இல்லை, ஆனால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு, ‘ஹீ த்ரோ யானை வெடி.’ யானையைக் கலைக்க எறிகிற வெடி அது. ‘யானை வெடி’யை அழிக்கிறான், ‘கிராக்கர்’ போடுகிறான். அந்த இரண்டு வசனத்தையும் வெட்டி உச்சியில் ஒட்டுகிறான். நாலு கால் போகிறது, தும்பிக்கை போகிறது, காதும் போகிறது. கடைசியில் ஆரும் சொல்லாமலே ‘த்ரோ’வை ‘த்ரூ’ ஆக்குகிறான்! அதே இறந்தகாலத்தை நான் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்.

முதல் வரைவு எழுதும்போது பிரவுசரில் எழுத்துப்பிழைச் சோதனையை நிறுத்திவிடுவேன். சிவப்புக் கோடு வந்தால் பிள்ளை யானையை விட்டுவிட்டு எழுத்துக்கூட்டலோடு மல்லுக்கட்டும். கடைசி வரைவில் போட்டுவிடுவேன், அப்போது அது நல்ல வேலைக்காரன். ‘எ’, ‘தி’ விடுபடுவதையெல்லாம் அதற்கும் பிறகுதான் தொடுவேன். தமிழில் இல்லாத சாமான், ஆறுதலாக வரட்டும்.

கூகுள் மொழிபெயர்ப்பு? 2011இலிருந்து அதில் தமிழ் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன. இணையம் இருக்கிற நாளில் மொழிபெயர்த்து ஒட்டினால், ஓட்டிப் பார்க்கும்போது பந்தி முழுவதும் ஒரே கணத்தில் வந்து விழும். நான் ஏசுவதில்லை. ‘சரி, இதில் உனக்கு விளங்காத சொல்லை எல்லாம் எடுத்துவிடு’ என்பேன். மிஞ்சுவதிலிருந்து தொடங்குவோம்.

ஒரு தகப்பன் வந்து கேட்டார்: “ரீச்சர், ஓ/எல் சோதினை கையாலதானே எழுத வேணும்? பிறகென்னத்துக்கு இந்தக் கொம்பியூட்டர்?” நியாயமான கேள்வி. முடிந்த பந்தியைப் பிள்ளைகள் கொப்பியில் கையால் எழுதுகிறார்கள் என்று காட்டினேன். அரைமனதோடு போனார்.

புள்ளிதான் சிக்கல். அந்தப் பெடியனின் கடைசிப் பந்தியில் இன்னும் ஏழெட்டுப் பிழை இருக்கிறது. பாடமாக்கிய நாலு கால் பந்தியில் ஒன்றும் இல்லை. புள்ளித் திட்டப்படி அதற்குத்தான் கூடப் போட வேண்டும். தவணை முடிகிறது, பெடியனுக்கு இன்னும் புள்ளி போடவில்லை.