“எழுதாம விட்டுடுங்க சார்”

தண்ணீர் பற்றி வந்த ஒரு புகாரில், சுகாதார ஆய்வாளராக நான் வீட்டு ஓனருக்கு நோட்டீஸ் கொடுத்தது சரிதான். அங்கே வாடகைக்கு இருந்த அந்த அம்மா பேசியது நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

தரைத்தொட்டித் தண்ணீரில் ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டேன். கிருமியைக் கொல்லும் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். நிறம் மாறவே இல்லை. மூடியைத் தள்ளி டார்ச் அடித்தால், செப்டிக் டேங்க் பக்கச் சுவரில் விரிசல். அதிலிருந்து கறுப்பாகக் கசிவு இறங்கித் தண்ணீரைத் தொட்டிருந்தது.

நோட்டைத் திறந்ததும் அந்த அம்மா பக்கத்தில் வந்தார்.

“எழுதாம விட்டுடுங்க சார். ஓனர் எங்களைத்தான் காலி பண்ணச் சொல்லுவார்.”

“உங்க பேர் வராதும்மா.”

“இருக்கிறதே நாலு வீடு. யார் சொன்னாங்கன்னு அவருக்குத் தெரியாதா? நாங்க காய்ச்சித்தானே குடிக்கிறோம்.”

காய்ச்சிக் குடிக்கலாம். பல் தேய்க்க, காய் கழுவ? பக்கத்து வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் இருந்தார். கழிவு கலந்த தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஈ காமாலை கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் நூற்றில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும். கிருமி உள்ளே போய் நோய் தெரிய 2 முதல் 10 வாரம் ஆகும். யாருக்காவது வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்க முடியாத நோய் அது. எழுதினேன்.

தொட்டியை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். அதற்குள் அந்தக் குடும்பம் காலி செய்துவிட்டிருந்தது. பழுதுபார்க்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம். அதாவது என் நோட்டீஸ்.

தெரு முழுக்கச் சோதனை என்று கிளம்பியிருந்தால் புகார் வந்ததே தெரிந்திருக்காதோ? அதுவரை பிளீச்சிங் பவுடர் போட்டுச் சமாளித்திருக்கலாம். ஆனால் கழிவு கசிந்துகொண்டே இருக்கும் தொட்டியில் குளோரின் எவ்வளவு நேரம் நிற்கும்? அந்தக் கர்ப்பிணியை நினைத்தால் மறுபடியும் எழுதத்தான் செய்வேன். சுவரைச் சரிசெய்யச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கிறது. குடியிருப்பவரை வெளியேற்றாதே என்று சொல்ல இல்லை. அது வேறு துறை என்று சொல்லிவிடலாம். அவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போதெல்லாம் ஒரு புகார் வந்தால் அக்கம்பக்கத்து வீடுகளிலும் தண்ணீர் பிடித்துப் பார்க்கிறேன். ஒரே காம்பவுண்டுக்குள் ஒரே தொட்டி என்றால் அதனாலும் பயனில்லை. யாராவது சொன்னால்தான் எங்களுக்குத் தெரியவரும். இப்போது இருக்கும் வீட்டில் தண்ணீர் நாறினாலும் அந்த அம்மா யாரிடமும் சொல்ல மாட்டார் என்றே நினைக்கிறேன்.