வாங்காத கடன் சிபிலில் ஏறினால்: எங்கே மாட்டும், எதைக் கேட்க வேண்டும்

பர்கூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு வேலை. சீசனுக்கு வந்த ஒரு அக்கா கறவை மாட்டுக் கடன் கேட்டபோது, "சிபில்ல பாக்கி இருக்கும்மா" என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிபில் என்பது யார் என்ன கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று பதிந்து வைக்கும் நிறுவனம். அதன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு லோன் ஆப் கடன். இப்போது அது நீங்கிவிட்டது. எரிச்சல்தான் இன்னும் போகவில்லை.

ஆன்லைனில் ஆட்சேபம் பதிவது சுலபம். பதில்தான் வயிற்றெரிச்சல்: "கடன் கொடுத்த நிறுவனம் தகவல் சரி என உறுதி செய்துள்ளது." சிபில் தானாக எதையும் திருத்தாது, கடன் கொடுத்தவரைக் கேட்கும். அவர்கள் பெயர், பிறந்த தேதி, பான் எண் மூன்றையும் ஒத்துப் பார்ப்பார்கள். ஒத்துத்தான் போகும், திருடு போனதே அவைதானே! அதனால் "இது என் கடன் இல்லை" என்று மட்டும் எழுதிப் பிரயோஜனம் இல்லை.

கடன் கொடுத்த நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுத்து மூலம் நான்கு விஷயம் கேளுங்கள். விண்ணப்பத்தோடு பதிவான செல்ஃபி, ஓடிபி போன மொபைல் எண், ஒப்பந்தத்தில் மின்கையெழுத்து போட்ட தேதியும் நேரமும், எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும். முடிச்சு அவிழ்வது இந்தக் கடைசி விஷயத்தில்தான். பணம் வேறு யார் கணக்குக்கோ போயிருந்தால் பான் ஒத்துப்போவதை வைத்து அவர்கள் வாதாட முடியாது. அதே மாதத்துக்கான உங்கள் சொந்த பாஸ்புக் பக்கத்தையும் இணைத்துவிடுங்கள்.

ஆனால் போலீஸ் ரசீது இல்லாத கடிதத்துக்கு அங்கிருந்து பதிலே வரவில்லை. இங்கேதான் ஒரு வீண் அலைச்சல். உள்ளூர் ஸ்டேஷனில், "உங்க காசு எதுவும் போகலையே, அப்புறம் என்ன புகார்?" என்றார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவுக்குப் பணம் போயிருக்க வேண்டியதில்லை. அடுத்தவரின் அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்தினாலே குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். மனுவில் அந்தப் பிரிவையே எழுதிவிடுங்கள். 78ஆம் பிரிவின்படி இன்ஸ்பெக்டருக்குக் குறைந்தவர் இதை விசாரிக்க முடியாது. ஆகவே நேராக மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போவதே மேல். போகும் முன் cybercrime.gov.in தளத்தில் பதிந்து, அந்த எண்ணை மனுவில் குறிப்பிடுங்கள். 1930 என்ற உதவி எண் கணக்கிலிருந்து போன பணத்தை உடனே முடக்குவதற்கு. இந்த மாதிரிப் பழைய கடனுக்கு அது உதவாது. மனு இரண்டு பிரதி, சி.எஸ்.ஆர். (மனு பெற்றதற்குப் போலீஸ் தரும் ரசீது) வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

சி.எஸ்.ஆர். நகலோடு போன கடிதத்தில் இன்னொரு வரியும் சேர்த்தோம்: ரிசர்வ் வங்கி விதிப்படி ஆட்சேபத்தை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பதில் வந்தது! அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே போகலாம், கட்டணம் கிடையாது.

சிபிலில் நீங்கியதும் முடிந்தது என்று நினைத்தால், வங்கி வேறு நிறுவனத்தின் அறிக்கையை எடுத்துப் பார்த்து மறுபடியும் கைவிரித்தது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று உண்டு. நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கிலும் திருத்தச் சொல்லி, கடன் கொடுத்த நிறுவனத்திடம் ஒரே கடிதத்தில் கேளுங்கள். கூடவே "இந்தக் கடனுக்கு இவர் பொறுப்பல்ல" என்று லெட்டர்பேடில் வாங்கிக்கொள்ளுங்கள். வசூல் ஆட்கள் கைக்கு அந்தக் கணக்குப் போயிருந்தால் போன் வந்துகொண்டேதான் இருக்கும்.

எங்கிருந்து கசிந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருமுறை எட்டிப் பாருங்கள், ஊர் ஆதாரெல்லாம் அங்கே கிடக்கும். இ-ஆதாருக்குப் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்று நிம்மதி வேண்டாம். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது, இரண்டும் ஊருக்கே தெரியும். ஆலையில் இப்போது மேஸ்திரியின் வாட்ஸ்அப் குழுவில் ஆதார் படம் போடுவதை நிறுத்தியாகிவிட்டது. பி.எஃப். பதிவுக்கு எண்ணை நேரில் பார்த்து ஏற்றுகிறோம். நகல் கேட்கும் மற்ற இடங்களுக்குக் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார், அதன் குறுக்கே "இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று தேதியோடு கையெழுத்து.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்த்துவிடுங்கள். ஆதார் தளத்தில் கடந்த 6 மாதம் உங்கள் ஆதாரை யார் யார் சரிபார்த்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். கடன் தேதிக்கு நேரான வரி அதில் இருந்தால், பழசாகி மறைவதற்குள் பிரிண்ட் எடுத்து மனுவோடு சேர்க்க வேண்டும்.

ஆதாரில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவு) பூட்டுவது நல்லதுதான். ஆனால் வீட்டில் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் 330 என்று பிழை காட்டும். விற்பனையாளருக்குக் காரணம் தெரியாது, "ரேகை தேஞ்சிடுச்சு பாட்டி" என்று அனுப்பிவிடுவார். செல்போனில் தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம் திறந்திருக்கும். வரிசையில் முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது திறந்தால் சரியாக இருக்கும்.