தங்கம் ஒட்டறதுக்கு முன்னாடி

போன வருஷம் லண்டன்ல இருக்கற அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப டேட் பிரிட்டன் மியூசியத்துல ஒரு பலகை முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டேன், அதைப் பத்தி எழுதணும்னு அப்பலேர்ந்து நெனச்சுக்கிட்டே இருக்கேன், இன்னைக்குத்தான் உக்காந்தேன்.

பென் நிக்கல்சன்னு ஒரு இங்கிலாந்து ஓவியர் செஞ்சது. பேரே "1935 (வெள்ளை ரிலீஃப்)", அவ்ளோதான். ரிலீஃப்னா மேடு பள்ளமா செய்யற வேலை. மஹோகனி மரம், 3 அடிக்குக் கொஞ்சம் மேல உயரம், அஞ்சரை அடி கிட்ட அகலம். பலகையை மட்டம் மட்டமா செதுக்கி எடுத்திருக்காரு, நீள்சதுரங்க, அதுக்குள்ள ரெண்டு வட்டம், மேல முழுக்க வெள்ளை பெயிண்ட். அக்கா ஒரு நிமிஷம் பாத்துட்டு "இதுல என்னடி இருக்கு, வா போலாம்"ன்னா. "நம்ம அப்பா பலகை மாதிரி இல்ல?"ன்னு கேட்டேன். அவளும் அப்புறம் நகரல.

எங்கப்பா தஞ்சாவூர்ல மேல வீதிப் பக்கம் நாப்பது வருஷமா படம் போடறாரு. தஞ்சாவூர் ஓவியம்னா எல்லாருக்கும் தங்க ரேக்கும் கல்லும்தான் ஞாபகம் வரும், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாள் இருக்கு, அது வாங்கறவங்க கண்ணுல படறதே இல்ல. பலகையில துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் கலந்து பூசி, வழவழன்னு தேய்ச்சு, படம் வரைஞ்சு, கல்லு பதிச்சு, அப்புறம் மக்கு வெப்பாங்க. மக்குன்னா பொடியும் கோந்தும் கொழைச்சது, பிரஷ்ல எடுத்து கோட்டு மேல ஒரு பூச்சு, காய்ஞ்சதும் இன்னொரு பூச்சுன்னு மேடு கட்டுவாங்க. அது காய்ஞ்சு கெடக்கற அன்னைக்கு, ரேக்கும் ஒட்டாம கலரும் போடாம, பலகை முழுக்க ஒரே வெள்ளையா இருக்கும். சாமியைச் சுத்தி வர்ற திருவாசி வளைவு, மண்டபத் தூண், அதோட சட்டம், எல்லாத்தையும் நெழல் மட்டும்தான் காட்டும். சின்ன வயசுலேர்ந்து எனக்கு அந்த நாள் பலகைதான் புடிக்கும்.

நிக்கல்சன் பலகையில வேலை தலைகீழ். அப்பா மேல ஏத்துவாரு, இவரு உள்ள எறக்கியிருக்காரு. மியூசியத்துல வெளிச்சம் மேலேர்ந்து வருது, அதனால வட்டத்தோட மேல் விளிம்புக்குள்ளதான் நெழல் பிறை மாதிரி விழுது, கீழ் விளிம்பு பளிச்சுனு நிக்குது. எங்க வீட்டு மக்குல நெழல் மேட்டுக்கு அடியில விழும். கோடே போடாம அந்த இருட்டுதான் கோடா நிக்குது, கொஞ்சம் நகர்ந்து நின்னா அதோட கனம் மாறுது. போன்ல எடுத்த போட்டோவைப் பாத்தா வெள்ளைப் பேப்பர் மாதிரி இருக்கு, ஒண்ணுமே தெரியல. இந்த மாதிரி வேலையை எதிர்ல நின்னுதான் பாக்கணும்.

அவரு ரிலீஃப் பக்கம் வந்த கதையும் எனக்கு ரொம்ப நெருக்கம். 1933 கடைசியில பாரிஸ்ல, பலகை மேல பூசின பூச்சுல கோடு கீறிக்கிட்டு இருந்தப்ப ரெண்டு கோடு வெட்டற எடத்துல ஒரு சில்லு பேந்து வந்துடுச்சாம். அதை அடைச்சு சரி பண்ணாம அந்தப் பள்ளத்தையே புடிச்சுக்கிட்டாரு. அடுத்த வருஷம் மோந்த்ரியான்ங்கற டச்சு ஓவியரோட ஸ்டுடியோவைப் போய்ப் பாத்தாரு, வெள்ளை ரிலீஃபும் அந்த வருஷத்துலயே ஆரம்பிச்சுடுச்சு. எனக்கும் சில்லு பேந்துருக்கு. ஐப்பசி அடைமழையில, ஈரக்காத்துல மக்கு காயவே காயாது, அவசரப்பட்டு ஒரே பூச்சுல கெட்டியா வெச்சுட்டேன், மூணாம் நாள் தூண் ஓரத்துல வெடிச்சு ஒரு துண்டு கையோட வந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா அடைச்சுட்டேன். அந்தப் பள்ளத்தை ஒரு நிமிஷம் பாத்திருக்கலாம்னு அந்த மியூசியத்துல நின்னப்பதான் தோணுச்சு.

ஊருக்கு வந்ததும் அப்பாகிட்ட கேட்டேன், ஒரே ஒரு பலகை, திருவாசியும் ரெண்டு தூணும் மட்டும், ரேக்கு வேணாம், கல்லு வேணாம், கலர் வேணாம்னு. "உள்ள சாமி இல்லாம திருவாசி எதுக்கும்மா?"ன்னாரு. நான் போட்டோவைக் காட்டல, அதுல ஒண்ணும் தெரியாதுன்னு தெரியும்ல. "நெழலைப் பாக்கறதுக்குப்பா"ன்னு மட்டும் சொன்னேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் பலகை எடுத்தாரு.

காய்ஞ்சதும் திண்ணையில தூண் ஓரமா சாய்ச்சு வெச்சோம். சாயங்காலம் நாலரை மணி வெயில் தெருவுலேர்ந்து பக்கவாட்டுல வந்து விழுந்துச்சு, திருவாசியோட ஒரு பக்கம் முழுக்க கருப்பா எழும்புச்சு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு குனிஞ்சு பாத்தாரு. "வலப்பக்கம் நெழல் கோணுது பாரு, ரேக்கு ஒட்டியிருந்தா இது தெரிஞ்சிருக்காது"ன்னு சொல்லிட்டு, உள்ள போய் உப்புத்தாள் எடுத்துட்டு வந்து அந்த விளிம்பைத் தேய்க்க உக்காந்துட்டாரு.