பெரட்டு

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நர்சிங் முதல் வருடத்தில் மனப்பாடம் செய்தது. வார்டில் நடக்கும்; ஷிப்டுக்கு ஆள் உண்டு. கோத்தகிரியிலிருந்து கொடநாடு போகிற வழியில், ஒரு எஸ்டேட் லயனில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), மருமகள் காலை ஏழு மணிக்கே கொழுந்து பறிக்கப் போய்விடுகிற வீட்டில் யார் திருப்புவது?

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் நர்ஸ் நான். அந்தப் பாட்டிக்கு இடப்பக்கம் பக்கவாதம். பேச்சு குழறும், ஆனால் கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். கடல் தாண்டி வந்தும் அதே தேயிலை, அதே லயன்.

ஆறு, எட்டு, பத்து என்று மணி போட்டு அட்டை எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் போனால் பால் சொம்புக்கு மூடியாக இருக்கிறது. மருமகளைக் கேட்டால், "மணி பாத்துக்கிட்டு நிக்க எனக்கு எங்க சிஸ்டர் நேரம்?" என்றார். நியாயம்தான். பாட்டிதான் வழி சொன்னார்: "அதான் ஃபாக்டரில சங்கு ஊதுதே புள்ள." இலங்கைத் தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பதைப் பெரட்டு என்பார்கள். "பெரட்டுச் சங்குக்கு ஒரு பெரட்டு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அட்டையைக் கிழித்துப் போட்டேன். விடிகாலை டீ போடும்போது ஒன்று. ஏழு மணிச் சங்குக்கு ஒன்று. பறித்த கொழுந்தை எடை போடும் நிறுவை ஷெட் பக்கத்திலேயே இருப்பதால் பத்து மணி நிறுவைக்கு வரும் மருமகள் ஓடிவந்து ஒன்று. பன்னிரண்டு மணிச் சங்கு, மூன்று மணி நிறுவை, ஐந்து மணிச் சங்கு. ராத்திரி எட்டுக்கும் பத்துக்கும் மகன், ஒரு மணிக்கு மருமகள், நாலு மணிக்கு ப்ளஸ் டூ படிக்கிற பேரன். சில இடைவெளி மூன்று மணி நேரம் ஆகிறது. புத்தகம் ஒத்துக்கொள்ளாது. நான் ஒத்துக்கொண்டேன்.

பெட் சோர், அதாவது படுக்கைப் புண், தொடங்கும்போது தோல் சிவக்கும் என்று படித்திருக்கிறோம். ஐம்பது வருஷம் வெயிலிலும் பனியிலும் நின்ற உடம்பில் சிவப்பு எங்கே தெரியும்? புறங்கையை வால் எலும்பு மேல் வைத்துப் பார்க்க மருமகளுக்குக் காட்டிக் கொடுத்தேன். சுற்றிலும் இருப்பதைவிட அந்த இடம் மட்டும் சூடாக, கொஞ்சம் கெட்டியாக, நிறம் கருத்து இருந்தால் எச்சரிக்கை. அங்கே தேய்க்கவே கூடாது. எங்கள் மலையில் எதற்கெடுத்தாலும் நீலகிரித் தைலம்தான். அந்த பாட்டிலைப் பிடுங்கி அலமாரி உச்சியில் வைக்க வேண்டியிருந்தது. குதிகால் படுக்கையில் படாமல் இருக்க, பழைய ஸ்வெட்டரைச் சுருட்டிக் கெண்டைக்கால் அடியில் வைத்தோம்.

அப்புறம் ஒரு ஏர் பெட் கிடைத்தது. சந்தோஷத்தில் நான் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன்: "இனிமே அவ்வளவு கஷ்டப்பட வேண்டாம்." ஏர் பெட்டில் படுத்தாலும் திருப்பத்தான் வேண்டும். எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த மருமகளின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்துச் சொன்னது அது.

கூடலூர்ப் பக்கம் ஆடியில் கொட்டும். எங்களுக்குத் தொட்டபெட்டா மறைப்பு. ஐப்பசியில்தான் வாங்கிக் கட்டிக்கொள்வோம். அந்த ஐப்பசியில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. மோட்டார் நின்றது, ஏர் பெட் காற்றிறங்கிப் பாயாகிவிட்டது. துவைத்த துணி காயவில்லை, அடியில் ரப்பர் ஷீட் வேறு. மூன்றாம் நாள் வேன் போய்ச் சேர்ந்தபோது வால் எலும்பின் மேல் ஐம்பது பைசா அளவுக்குத் தோல் உரிந்திருந்தது.

"சங்கு ஊதிச்சு புள்ள. ஒருத்தரும் வரல" என்றார் பாட்டி. ஃபாக்டரியில் ஜெனரேட்டர் இருக்கிறது, ஊதியிருக்கும். மருமகள் அழுதார். சொன்னது நான்தான் என்று அவரிடமும் பாட்டியிடமும் சொன்னேன்.

சலைன் விட்டுக் கழுவி டிரெஸ்ஸிங், தினம் ஒரு முட்டை, மறுபடியும் சங்குக் கணக்கு. ஆற ஏழு வாரம் ஆனது. மார்கழியில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளை பூத்திருந்த ஒரு காலையில் பார்த்தபோது புதுத்தோல் மூடியிருந்தது. புறங்கையை வைத்தேன். பாட்டி துள்ளிவிட்டார்.

"அடியே, கையை அடுப்புல காட்டிட்டு வா மொதல்ல."