சிவப்பு என்றால் எத்தனை லட்சம்?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து மில்களுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் கணினிப் பாதுகாப்பு பற்றி ஆலோசனை சொல்வது என் வேலை. இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதலாளியிடம் எந்த ஆபத்தைப் பற்றிப் பேசினாலும் அதை ரூபாயில் சொல்லிவிட வேண்டும். ஆபத்தின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கட்டம் போட்டுக் காட்டுவதை நான் விட்டுவிட்டேன். பழைய மெஷினை மாற்றுவது, கோடவுனுக்குக் கூரை போடுவது, வெளியிலிருந்து வரும் கணினித் தாக்குதலைத் தடுக்கும் ஃபயர்வால் வாங்குவது எல்லாமே ஒரே கல்லாவிலிருந்துதான் போகிறது. முதல் இரண்டுக்கும் ரூபாயில் கணக்கு இருக்கிறது. மூன்றாவதற்கு மட்டும் வண்ணம் காட்டினால், பணத்தைப் பிரித்துக் கொடுப்பவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

தேவகோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் நடந்ததைச் சொல்கிறேன். (எந்த மில் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு அதேதான்.) அங்கே ஐடி மேனேஜர் சுறுசுறுப்பான இளைஞர். போர்டு மீட்டிங்கில், கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஆபத்தைச் சிவப்புக் கட்டத்தில் வைத்து, அதைத் தடுக்கும் மென்பொருளுக்கு மூன்று வருட லைசென்ஸாக 18 லட்சம் கேட்டார். வரவு செலவைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “சிவப்புன்னா எவ்வளவு தம்பி? பத்து லட்சமா, பத்து கோடியா?” தம்பியிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தயார் செய்யத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

இதற்கு ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. ஜாக் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு அதிகாரி உருவாக்கிய ‘ஃபேர்’ (FAIR) முறை அது. ஒரு கெடுதல் வருடத்துக்கு எத்தனை தடவை நடக்கலாம், நடந்தால் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகும் என்ற இரண்டு கேள்விகளில் அடங்கிவிடும். இரண்டாவதை இன்னும் பிரித்துப் பார்க்க வேண்டும்: வேலை நின்ற நஷ்டம், சரிசெய்யும் செலவு, மாற்றி வாங்கும் செலவு, அபராதம், கைவிட்டுப் போகும் வாடிக்கையாளர். இவற்றுக்கான விடை ஐடி அறையில் கிடைக்காது. கணக்குப்பிள்ளையிடமும் டெஸ்பாட்ச் பார்ப்பவரிடமும் பஞ்சு வாங்குபவரிடமும்தான் இருக்கிறது.

ஐடி மேனேஜர், “சர்வர் போச்சுன்னா மில்லே நின்னுடும் அண்ணே” என்றார். புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கேட்டேன். ப்ளோ ரூமிலிருந்து ரிங் ஃப்ரேம் வரை எந்த மெஷினும் அந்தச் சர்வரை நம்பி ஓடவில்லை. நூல் வந்துகொண்டே இருக்கும். நிற்பது லாரி மட்டும்தான். அரசுப் போர்ட்டலில் பதிந்த பில்லான இ-இன்வாய்ஸும், சரக்கு கொண்டுபோவதற்கான இ-வே பில்லும் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது; இரண்டையும் போடுவது அந்தச் சர்வர் வழியாகத்தான். சரி, அதையாவது கையால் போட முடியுமா? கணக்குப் பிரிவில் இருபது வருடமாக இருக்கும் அம்மாவிடம் கேட்டேன். அரசுப் போர்ட்டலில் நேராகப் போட்டுவிடலாம், ஆனால் ஒரு நாளில் போகிற பில்லில் பாதிதான் முடியும் என்றார்கள். “மில்லே நின்னுடும்” என்ற பேச்சு இப்படிப் பேசப் பேச, பாதி டெஸ்பாட்ச் சில நாள் தாமதமாகும் என்ற அளவுக்கு இறங்கி வந்தது.

உண்மையான நோவு வேறு இடத்தில் இருந்தது. திருப்பூர்க்காரர்களுக்குக் கடனில் நூல் போகிறது. யார் எவ்வளவு பாக்கி என்பது அந்தச் சர்வரில் மட்டும்தான் இருக்கிறது. அது அழிந்தால் ஜிஎஸ்டி போர்ட்டலில் உள்ள பில்களையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேரேட்டைத் திரும்ப எழுத வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வர வேண்டிய பணம் தள்ளிப்போகும், பேங்க் வட்டி ஏறும். இந்த வட்டி யார் போட்ட பட்டியலிலும் இல்லை.

எண்களை எப்படி வாங்குவது என்பதில் நான் ரொம்பக் கவனமாக இருப்பேன். “எவ்வளவு போகும்?” என்று கேட்டால் பயத்தில் ஒரு பெரிய எண்ணைச் சொல்வார்கள். அதனால் குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று இரண்டு எண் கேட்பேன். உண்மை அந்த இரண்டுக்கும் நடுவே விழும் என்பதில் பத்துக்கு ஒன்பது பங்கு நிச்சயம் இருக்க வேண்டும். அப்புறம் ஒரு சோதனை. பையில் பத்துச் சோழி, ஒன்பது வெள்ளை, ஒன்று கறுப்பு. கண்ணை மூடி வெள்ளை எடுத்தால் ஆயிரம் ரூபாய், இல்லையென்றால் நீங்கள் சொன்ன எல்லைக்குள் விடை விழுந்தால் அதே ஆயிரம். எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? பையை நோக்கிக் கை போனால், சொன்ன எல்லை குறுகல் என்று அர்த்தம். அதை விரித்துச் சொல்லச் சொல்வேன்.

இப்படிக் கேட்டுக்கொண்டு போகும்போதுதான் யாரும் சிவப்பில் போடாத ஒன்று வெளியே வந்தது. பஞ்சு வியாபாரி பெயரில் ஒரு மெயில் வரும்: “எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்.” ஒரு லோடு 100 பேல், ஒரு பேல் 170 கிலோ. பஞ்சு விலை பேசும் அளவான கண்டி 356 கிலோ. கண்டி 55,000 ரூபாய் என்று வைத்தால் ஒரு லோடு சுமார் 26 லட்சம். நிஜ வியாபாரி பணம் வரவில்லை என்று கேட்பதற்குள் இரண்டு மூன்று லோடு பணம் போய்ச் சேர்ந்துவிடும். அந்த மில்லுக்கு இப்படிப்பட்ட மெயில்கள் ஏற்கெனவே வந்திருந்தன. ஒருமுறை கடைசி நிமிடத்தில்தான் தப்பியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டோம். சொன்ன எல்லைகளுக்குள் எண்களை மாற்றி மாற்றிப் போட்டு, பத்தாயிரம் வருடத்தை ஓட்டிப் பார்க்கும் மான்டி கார்லோ கணக்குக்கு அது போதும். மெயில் மோசடி நாலு வருடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் சுமார் 50 லட்சம், ஆக வருடத்துக்கு 12.5 லட்சம். ரான்சம்வேருக்கு ஒரு வருடத்தில் நூற்றுக்கு ஏழு வாய்ப்பு, சராசரியாக ஒரு கோடி, ஆக வருடத்துக்கு 7 லட்சம். வருடம் 6 லட்சம் செலவாகும் அந்த மென்பொருள் இந்த 7 லட்சத்தில் பாதியைத்தான் குறைக்கும். மாறாக, கணக்கு எண் மாறினால் பழைய போன் நம்பரில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் போடக் கூடாது என்ற விதிக்கு ஐந்து நிமிடம்தான் செலவு. மோசடி இருபது வருடத்துக்கு ஒன்றாகக் குறைந்தாலே வருடம் பத்து லட்சம் மிச்சம்.

ஆனால் சராசரியோடு விட்டுவிடக் கூடாது. இந்த மண்ணில் இதை விளக்கத் தேவையில்லை. 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம், அங்கே கடன் கொடுத்திருந்த நம் ஊர்ச் செட்டியார்கள் கைக்கு வந்தது. ஐந்தொகையில் அது சொத்து. 1942இல் ஜப்பான் படை வந்தபோது விட்டுவிட்டு ஓடி வர வேண்டியதாயிற்று. பின்னால் நிலமும் தேசியமயமானது. பல வருட லாபத்தின் சராசரி அந்த ஒரு அடியைப் பற்றி எதுவும் சொல்லியிருக்காது. அதனால் ஆச்சியிடம் கேட்டேன்: பேங்கில் கூடுதல் கடன் கேட்காமல் ஒரு வருடத்தில் எவ்வளவு நஷ்டத்தைத் தாங்குவீர்கள்? யோசிக்காமல் சொன்னார்கள்: “எழுபத்தஞ்சு லட்சம்.” பிறகு நான் காட்டிய தாளில், ஒரு வருட நஷ்டம் அந்த எழுபத்தைந்தைத் தாண்டும் வாய்ப்பு எவ்வளவு என்பதுதான் முதல் வரி.

வாய்ப்பு எண்ணுக்கு வெளியுலகச் செய்தியும் உதவும். 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பப் பயன்படும் ஸ்விஃப்ட் வழியே சுமார் 20 லட்சம் டாலரைத் திருடர்கள் வெளியே அனுப்பப் பார்த்தார்கள். அதே வருடம் புனே காஸ்மாஸ் வங்கியில் சுமார் 94 கோடி போனது. 2024இல் ஒரே தொழில்நுட்ப நிறுவனத்தில் நடந்த தாக்குதலால் சுமார் 300 சின்ன வங்கிகளின் பணப் பரிமாற்றம் தடைபட்டது. இவை போதும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 250 கோடி அபராதத்தைக் காட்டி பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. அது உச்சவரம்பு. ஒரு நூல் மில்லின் நஷ்டக் கணக்கில் அந்த எண்ணை அப்படியே எழுதினால், தாளில் உள்ள மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்ஷூரன்ஸ் எடுத்தால் ஆயிற்றே என்று ஒரு பங்காளி கேட்டார். 2017இல் நாட்பெட்யா என்ற கணினி வைரஸ் தாக்குதலுக்காக மெர்க் மருந்து நிறுவனம் கேட்ட சுமார் 140 கோடி டாலரை, இது போர், போர் நஷ்டத்துக்குப் பாலிசியில் விலக்கு உண்டு என்று சொல்லி இன்ஷூரன்ஸ்காரர்கள் தர மறுத்தார்கள். நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மெர்க் பக்கம் தீர்ப்புச் சொன்னது 2023இல். பாலிசி எடுக்கலாம், விலக்குப் பகுதியை வரி வரியாகப் படித்த பிறகு.

கடைசியில் போர்டு 18 லட்சத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளியது. போன் விதி, மெயிலுக்குள் நுழைய இரட்டைச் சரிபார்ப்பு, நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்த பேக்கப் ஆகியவற்றுக்கு 4 லட்சம் ஒதுக்கினார்கள். பணம் தவறிப் போனால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற போன் எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று கணக்குப் பிரிவுச் சுவரில் எழுதி ஒட்டினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த பேக்கப்பிலிருந்து சர்வரைத் திரும்ப எழுப்பிப் பார்த்தோம். சர்வர் திரும்ப வர எத்தனை நாள் என்பதற்கு முன்னால் ‘மூன்று நாளிலிருந்து இருபது நாள்’ என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது ‘இரண்டிலிருந்து ஐந்து’ என்று இருக்கிறது. பேரேட்டைத் திரும்ப எழுதும் செலவு ஏறக்குறைய மறைந்துவிட்டது. எழுபத்தைந்து லட்சத்தைத் தாண்டும் வாய்ப்பும் முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த இளைஞர் இப்போது போர்டுக்குக் கொண்டுபோவது ஒரே தாள். முதல் வரியில் ரூபாய்.