கருப்பானால் போதுமா?

டிசைன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்: ஸ்கெட்ச் நீலமாக இருந்தால் திட்டு விழும், கருப்பாக இருந்தால் தப்பிக்கலாம். சாலிட்வொர்க்ஸ் என்கிற டிசைன் மென்பொருளில், அளவாலோ உறவாலோ கட்டப்படாமல் இன்னும் அசையக்கூடிய கோடு நீலம். அசைய வழியே இல்லாதது கருப்பு. கோவையில் பம்பு, மோட்டார் பாகங்கள் வரைவதுதான் என் பிழைப்பு. இந்த நிறக் கணக்கில் எனக்குப் பாதி உடன்பாடுதான்.

நீலத்தில் ஆபத்து உண்டு, அதை மறுக்கவில்லை. மோட்டாரைப் பம்போடு சேர்க்கும் அடாப்டர் தகடு ஒன்று. மோட்டார்களுக்கான ஐஇசி சர்வதேசத் தரத்தில் பிரேம் 80 அளவு, பி14 ஃபிளேஞ்ச் (மோட்டாரின் முகத்தகடு) என்றால் நான்கு போல்ட் துளையும் 100 மி.மீ. பிசிடியில் (துளை மையங்கள் உட்காரும் வட்டத்தின் விட்டம்), 45 டிகிரியில் வரும். வாடிக்கையாளர் பிரேம் 90-க்கு மாறினார். பிசிடி 115 ஆகிறது, போல்ட் எம்6-லிருந்து (6 மி.மீ.) எம்8 (8 மி.மீ.). பழைய ஃபைலைத் திறந்து பார்த்தால், துளை மையங்கள் பிசிடி வட்டத்தோடு ஒட்டியிருக்கின்றன. கோணத்தை யாரும் கட்டவே இல்லை. வட்டத்தைப் பெரிதாக்கினால் துளைகளும் கூடவே நகரும், ஆனால் வட்டத்தின் மேல் எங்கே போய் நிற்கும் என்பது, மென்பொருளுக்குள் கணக்குப் போடும் சால்வரின் இஷ்டம். இதற்கு முன்பே யாராவது மவுஸால் தெரியாமல் இழுத்து வைத்திருக்கவும் கூடும். ஒரு டிகிரி விலகல் திரையில் கண்ணுக்குப் படாது. 57.5 மி.மீ. ஆரத்தில் அது ஒரு மில்லிமீட்டர். எம்8 போல்ட்டுக்கு 9 மி.மீ. துளை போட்டால் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர்தான் இடம். அசெம்பிளியில் போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

அதே தகட்டைப் புதிதாக வரையச் சொல்லிப் பயிற்சிக்கு வந்த தம்பியிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில், "எல்லாம் கருப்பாயிருச்சுங்கண்ணா" என்றான். போய்ப் பார்த்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் 35.36. ஒவ்வொரு துளையையும் மையத்திலிருந்து குறுக்கே 35.36, மேலே 35.36 என்று கட்டியிருந்தான். பாதியை 'ஃபுல்லி டிஃபைன்' பட்டனே போட்டுக் கொடுத்திருந்தது.

"இதுல பிசிடி எங்கப்பா?"

"அது... கணக்குப் போட்டா வந்துருங்கண்ணா."

வரும்தான். பிசிடியில் பாதி 50-ஐ 0.7071-ஆல் பெருக்கினால் 35.36. நாளைக்கு 115 என்றால் கால்குலேட்டரை எடுத்து 40.66 கண்டுபிடித்து, ஒவ்வொரு அளவாக மாற்ற வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் ஸ்கெட்ச் கருப்பாகவேதான் இருக்கும். இதைவிட மோசம், எல்லாவற்றையும் செலக்ட் செய்து, இருந்த இடத்திலேயே ஆணியடிக்கும் 'ஃபிக்ஸ்' பட்டனை அழுத்திவிடுவது. அதுவும் கருப்புதான், வெந்ததா என்று பார்க்காமல் பானையை மூடி வைத்த மாதிரி.

உட்கார்ந்து சேர்ந்தே வரைந்தோம். ஒரிஜினை (ஸ்கெட்ச்சின் பூஜ்யப் புள்ளி) மையமாக வைத்து, பக்கங்கள் கிடையும் நெடுக்குமாக ஒரு துணைச் செவ்வகம்; வரைய உதவும், பாகத்தில் வராது. பக்கத்துப் பக்கங்கள் இரண்டும் சமம் என்றதும் அது சதுரமாகிவிட்டது. ஒரு மூலையைப் பிசிடி வட்டத்தின் மேல் உட்கார வைத்தோம். மற்ற மூன்றும் தானாக வந்துவிட்டன. 45 டிகிரி என்று எங்கும் எழுதவில்லை, ஆனால் வேறு கோணத்துக்குப் போக வழியில்லை. மூலைக்கு ஒரு துளை, நான்கும் சமம். கையால் கொடுத்த அளவு இரண்டே: பிசிடி, துளை விட்டம். (ஒரு துளை மட்டும் வரைந்து, அதை வட்டத்தைச் சுற்றி நகலெடுக்கும் சர்க்குலர் பேட்டர்ன் போடலாமே என்பீர்கள். நானும் வழக்கமாக அப்படித்தான் செய்வேன். அன்று அவனுக்கு உறவுகளைக் காட்ட வேண்டியிருந்தது.)

1963-இல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் செய்த ஸ்கெட்ச்பேட் என்கிற வரைதல் மென்பொருளிலேயே இந்த வரிசை இருந்தது. ஒளிப்பேனாவால் கோணலாகக் கோடு இழுத்துவிட்டு, இவை இணை, இவை செங்குத்து என்று சொன்னால் கணினி சரிசெய்து தரும். உறவு முதலில், எண் பிறகு. 1988-இல் புரோ/இன்ஜினியர் என்கிற டிசைன் மென்பொருள் அதைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவந்தது. நம் ஆட்கள் டிராயிங் போர்டு பழக்கத்தில் எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள்.

இப்போது யாருடைய ஸ்கெட்ச் ரிவ்யூவுக்கு வந்தாலும் நிறத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஓர் அளவை வேண்டுமென்றே அபத்தமாக மாற்றுகிறேன்: பிசிடி 160 என்பேன். உருவம் குலையாமல் பெருத்தால் சரி. கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் திரும்பப் போகும்.

எல்லா ஸ்கெட்ச்சையும் இப்படிப் பாடுபட்டுக் கட்ட வேண்டியதில்லை. வாடிக்கையாளர் டிஎக்ஸ்எஃப் என்கிற வரைபட ஃபைலில் அனுப்பும் லோகோ வந்தால், வளைவுக்கு வளைவு டைமென்ஷன் போட்டுப் பொழுதைக் கழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது என்றைக்கும் மாறப்போவதில்லை. நான் திட்டிய அந்த ஃபிக்ஸ் பட்டனை அங்கே அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.