வற்றாப்பளை அம்மாளும் ஒரு பொற்கொடியும்

வைகாசிப் பொங்கலுக்கு இலங்கையின் முல்லைத்தீவிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போக மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டுத் திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை எல்லாம் தாண்டவேண்டும். பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. யன்னலுக்கு வெளியே வேலிகளில் கொவ்வை படர்ந்து கிடந்தது, எனக்கு சிலப்பதிகாரத்தின் ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கண்ணகியை இளங்கோவடிகள் முதலில் காட்டும் இடம்: ‘ஈகைவான் கொடி அன்னாள் ஈராறு ஆண்டு அகவையாள்.’ பொற்கொடி போன்ற பிள்ளை, வயது 12.

கொடி என்றாலே நம் இலக்கியத்தில் கூடவே கொழுகொம்பும் வந்துவிடும். முல்லை பற்றிப் படர வழியில்லாமல் நின்றதால்தான் பாரி தேரையே கொடுத்தான். மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பத்தில் ‘கொம்பரில்லாக் கொடிபோல் அலமந்தனன்’ என்று கதறுவதைப் படித்தால் நெஞ்சு கனத்துப்போகும். கண்ணகிக்குக் கொம்பு கோவலன், அதை மதுரை வெட்டிப்போட்டது. அதோடு அந்தக் கொடி மண்ணில் விழுந்திருக்கவேண்டும், ஆனால் அவளோ ஒற்றைச் சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு தனியே அரசனிடம் வழக்குரைக்கப் போனாள். அப்படிப் போகப்போகிறவளைத்தான் இளங்கோ கொடி என்று தொடங்குகிறார், தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன். இன்னொன்று, வையை ஆற்றையும் ‘பொய்யாக் குலக்கொடி’ என்கிறார். நடக்கப்போவது தெரிந்து அந்த ஆறு பூக்களைப் போர்த்திக் கண்ணீரை மறைத்துக்கொண்டதாம்!

வன்னியில் அவள் அம்மாளாச்சி. கிழவியாக வந்து, மாடு மேய்த்த பிள்ளைகளிடம் விளக்கேற்றச் சொன்னாளாம், எண்ணெய் இல்லை என்றதும் கடல்நீரை விட்டு ஏற்றச் சொன்னாளாம். இன்றைக்கும் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரித்த பிறகுதான் வற்றாப்பளையில் பொங்கல்.

கோயிலுக்குப் பக்கத்தில் நந்திக்கடல். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், அந்தக் கரையில் என்ன நடந்தது என்று இங்கே பொங்க வரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கணவன் இல்லாமல் பிள்ளைகளை ஆளாக்கிய பெண்கள் எத்தனையோ பேர் அன்று பானையோடு வந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டிய அம்மாவும் அப்படித்தான். கை முழுக்கக் கரி, சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார், புகையில் கண் எரிந்தும் நகரவில்லை.

“அவர் போனாப்பிறகு ஆரைப் பிடிக்கிறது பிள்ளை? அம்மாளைத்தான் பிடிச்சனான். மிச்சமெல்லாம் என்ர கையாலதான்” என்றார்.

எனக்கு அந்த வரியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கண்ணகி கொடி மாதிரி, 12 வயதுப் பிள்ளை என்று இளங்கோவடிகள் எழுதியிருக்கிறார் என்றேன்.

“பன்னிரண்டோ? என்ர பேத்தியின்ர வயசு” என்றவர், அவளைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சுள்ளி பொறுக்கிவரச் சொன்னார்.